தூங்கிப் பார்த்துப் பிடித்த வீடு

புதுச்சத்திரத்தில் தெய்வநாயகி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பலகை மாட்டியிருக்கும். அதில் பதினான்கு ஆணி, ஆணிக்கு ஒரு சாவி. ஒன்றுகூட அவளுடையது இல்லை. மில்லுக்குப் போகிற பெண்கள், கோழிப்பண்ணைக்குப் போகிறவர்கள், கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எல்லாரும் காலையில் வீட்டைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ஒரே வீட்டின் இரண்டு சாவிகள்கூட அங்கே தொங்கின. கணவன் தனியாகக் கொடுத்தது ஒன்று, மனைவி தனியாகக் கொடுத்தது ஒன்று. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. தெய்வநாயகி இரண்டையும் எதிரெதிர் மூலையில் மாட்டிவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தாள். அவள் வாயைத் திறக்காமல் இருந்தது இந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் என்று தெருவில் சொல்வார்கள்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. கல்யாணமான மறு மாதமே கணவர் கந்தப்பன் ரிக் வண்டியில் ஏறிப் போய்விட்டார். போர்வெல் போடுகிற வேலை. ராஜஸ்தான், ஒரிசா, மத்தியப் பிரதேசம் என்று முப்பத்தொரு வருடம். மழைக்காலத்தில் வேலை நின்றால் வீட்டுக்கு வருவார், மண் காய்ந்ததும் கிளம்பிவிடுவார். நெடுஞ்சாலை ஓரத்து வாடகை வீட்டில், லாரி இரைச்சலுக்கு நடுவில், ஒற்றை ஆளாக மகளை வளர்த்துப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தவள் தெய்வநாயகிதான். அந்தப் பலகையும் சும்மா நிறைந்துவிடவில்லை. முதல் சாவி வந்து சேரவே நான்கு வருடம் ஆனது.

போன தை மாதம் கந்தப்பன் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்தார். சித்திரையில் வீட்டுக்காரர் வந்து, இடித்துக் கடை கட்டப்போவதாகவும் ஆடிக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் மகள் சண்முகப்பிரியா போனிலேயே தீர்ப்புச் சொன்னாள். “அப்பா இத்தன வருசம் சத்தத்துலயே கெடந்துட்டாரும்மா. இனியாச்சும் அமைதியான எடமாப் பாருங்க.”

“ஆமா சாமி,” என்றார் கந்தப்பன். “நாமகிரிப்பேட்டப் பக்கம் பாக்கலாம். ஒரு தென்னமரம், அதுக்கடியில ஒரு சேரு. எனக்கு அது போதும்.”

தெய்வநாயகியின் கண் கதவுக்குப் பின்னாலிருந்த பலகைக்குப் போனது. புது ஊரில் அவளை நம்பி யார் சாவி கொடுப்பார்கள்? மறுபடியும் நான்கு வருடம் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. வரமாட்டேன் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடம் கழித்து வீடு திரும்பிய மனுசன் ஒரு தென்னை மரம் கேட்கிறார். அவர் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது? அதனால் அவள் சுற்றுவழியில் இறங்கினாள்.

கந்தப்பனைப் பற்றிக் கந்தப்பனுக்கே தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அமைதியில் அவருக்குத் தூக்கம் வராது. ரிக்கில் ஒரு ஷிப்ட் வேலை, ஒரு ஷிப்ட் தூக்கம். பக்கத்தில் கம்ப்ரசர் ஓலமிட, லாரிக்கு அடியில் படுத்தே பழகிய உடம்பு. அந்தச் சத்தம் நின்றால் குழிக்குள் ராடு மாட்டிக்கொண்டது என்று அர்த்தம், எல்லாரும் பதறி எழ வேண்டும். மாசி மாதத்தில் ஒரு நாள் மதியம் நெடுஞ்சாலையில் மறியல் நடந்து லாரிகள் நின்றபோது, அசந்து தூங்கிக்கொண்டிருந்த கந்தப்பன் துள்ளி எழுந்து, “ராடு மாட்டிக்கிச்சா?” என்று கேட்டார். தெய்வநாயகி அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

“ஏனுங்க,” என்றாள் ஒரு நாள், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு. “எந்த ஊடு பாத்தாலும் மத்தியானம் அங்க ஒரு தூக்கம் போட்டுப் பாக்கோணுங்க. தூக்கம் வந்தா நல்ல ஊடு. எங்க அப்பிச்சி அப்படித்தான் பாப்பாரு.”

அம்மாவைப் பெற்ற அந்த அப்பிச்சி ஒரு வீட்டில் பிறந்து, ஆயுள் முழுக்க அங்கேயே இருந்து, அதே வீட்டில் செத்தவர். கந்தப்பனுக்கு அது நினைவில் இல்லை. “அதுவும் சரிதான்” என்றார்.

முதல் வீடு அயோத்தியாப்பட்டணத்தில், மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப் பகுதி. கந்தப்பன் அறைகளைப் பார்க்கவில்லை. நேரே போர் குழாயிடம் போய், “எத்தன அடியிலங்க தண்ணி?” என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டார். பதில் திருப்தியாக இருந்தது. கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றுவிட்டுத் துண்டை விரித்துப் படுத்தார். காக்கைகூடக் கத்தாத தெரு. இடது பக்கம் புரண்டார், வலது பக்கம் புரண்டார், அரை மணியில் எழுந்து உட்கார்ந்தார்.

“இந்த ஊடு வேண்டாம்புள்ள. காத்து ஒரு மாதிரி இருக்குது.”

“நீங்க சொன்னாச் சரிங்க,” என்ற தெய்வநாயகி சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாவது நாமகிரிப்பேட்டை. ராசிபுரத்தில் பஸ் மாறிப் போனார்கள். அந்த வீட்டைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. ஓட்டு வீடு, சுற்றிலும் இடம், கிழக்கே காய்த்துத் தொங்கும் ஒரு தென்னை மரம். கந்தப்பன் போர் குழாய்ப் பக்கமே போகவில்லை. மரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். இருந்தாலும் ஆள் நடமாட்டம் இல்லாத இடம்தானே என்று அவள் தைரியமாகப் பாயை விரித்தாள்.

அவர் படுத்த ஐந்தாவது நிமிடம் பக்கத்துக் களத்தில் மஞ்சள் பாலிஷ் போடுகிற டிரம் சுற்றத் தொடங்கியது. கடகடவென்று காது கிழிகிற சத்தம். கந்தப்பன் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. அடுத்த நிமிடம் குறட்டை.

தெய்வநாயகி செருப்பைக்கூடப் போடாமல் களத்துக்கு ஓடினாள். “ஏனுங்க தம்பி, ஊட்டுக்காரருக்குத் தலவலி மண்டையப் பொளக்குதுங்க. ஒரு அரமணி நேரம் நிறுத்துனீங்கன்னாப் புண்ணியமாப் போவும்.” டிரம்காரர் நல்ல மனுசன், உடனே நிறுத்தினார். வீட்டுக்குள்ளிருந்து, “ராடு மாட்டிக்கிச்சா?” என்ற குரல் கேட்டது.

அதன்பிறகு அவர் எவ்வளவு புரண்டும் தூக்கம் திரும்பவில்லை. கிளம்பும்போது தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் களத்துப் பக்கம் போய் வந்தார். பஸ்ஸில் ராசிபுரம் வரைக்கும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். தெய்வநாயகிக்கு ஜெயித்த சந்தோஷம் பாதி வழிகூட நிலைக்கவில்லை. அந்த மரத்தை அவர் தொட்டுப் பார்த்தது கண்ணிலேயே நின்றது. தப்புச் செய்துவிட்டோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கந்தப்பனே சொன்னார். “நம்மூர்லயே ஒரு ஊடு இருக்குதாம். ஷஃபியுல்லா பாயிது. போய்ப் படுத்துப் பாக்கலாமா?”

ஷஃபியுல்லாவுக்குப் புதுச்சத்திரத்தில் லாரி பாடி கட்டுகிற பட்டறை இருந்தது. அதை ஒட்டினாற்போல் ஒரு வீடு, இவர்கள் தெருவுக்கு அடுத்த தெருவில். பகல் முழுக்கத் தகரத்தை அடிக்கிற சத்தம் கேட்கும் என்பதால் ஒரு வருடமாக யாரும் குடிவரவில்லை. அவரே சங்கடப்பட்டார். “அக்கா, நான் மறைக்க மாட்டேன். பக்கத்துல உக்காந்து பேசுனாக்கூடக் கேக்காதுங்க.”

“பாத்துட்டுச் சொல்றமுங்க பாய்,” என்றார் கந்தப்பன். துண்டை விரித்துப் படுத்தார். இரண்டே நிமிடத்தில் குறட்டை விட்டார்.

தெய்வநாயகி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பலகையை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று கண்ணாலேயே அளந்தாள். பதினான்கு சாவியும் அப்படியே வந்துவிடும். நினைத்தது நடந்துவிட்டது, ஆனாலும் மனசு ஏனோ உறுத்தியது.

நாலு மணிக்குப் பட்டறையில் டீக்கு விட்டார்கள். சுத்தியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கட்டர் மெஷின் நின்றது. வீடே நிசப்தமானது. இதோ, ராடு மாட்டிக்கிச்சா என்று எழப்போகிறார் என அவள் திரும்பிப் பார்த்தாள்.

கந்தப்பன் எழவில்லை. அதே சுருதியில் குறட்டை தொடர்ந்தது.

அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது. நிஜமாகத் தூங்குகிற ஆள் இந்நேரம் துள்ளி எழுந்திருக்க வேண்டும்.

“ஏனுங்க, போதுமுங்க. எந்திரிங்க.”

குறட்டை நின்றது. கண் மட்டும் திறக்கவில்லை. “ஊடு நல்லா இருக்குதுன்னு உங்கப்பிச்சிகிட்டச் சொல்லிரு.”

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“அந்த மஞ்சக் களத்துக்காரரு, தலவலி உட்டுதுங்களான்னு என்னயக் கேட்டாரு.”

தெய்வநாயகிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அழுகைதான் முந்திக்கொண்டது. “அப்புறம் ஏனுங்க ஒண்ணுமே கேக்கல? அந்த மரம் உங்களுக்கு எவ்வளவு புடிச்சுதுன்னு எனக்குத் தெரியும்.”

“புடிச்சுதுதான். ஆனா இது நீ ஒருத்தியா இருந்து சம்பாரிச்ச ஊரு. நான் நேத்து வந்தவன்.”

அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தாள். கொல்லையில் இரண்டு துருப்பிடித்த லாரிக் கதவுகள் சாய்ந்து கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்தினால் ஓரளவு இடம் கிடைக்கும்.

“இங்க ஒரு தென்னங்கன்னு வெக்கலாமுங்க.”

“அது காய்க்க அஞ்சாறு வருசம் ஆவும்புள்ள.”

“ஆவட்டுமே. கூட இருந்து தண்ணி ஊத்துங்க. இனி எங்க போப்போறீங்க?”

டீ முடிந்து பட்டறையில் முதல் சுத்தியல் விழுந்தது, பிறகு மற்றவையும். கந்தப்பன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் வாய் பிளந்தது, விரல்கள் தளர்ந்தன, குறட்டை கோணல்மாணலாகக் கிளம்பியது. நடிக்கிறபோது இவ்வளவு மோசமாகக் குறட்டை விட யாராலும் முடியாது.

தெய்வநாயகி சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். வீடு பிடித்துவிட்டது என்று ஷஃபியுல்லாவிடம் கத்திச் சொல்லிவிட்டு, பட்டறையிலிருந்தே ஓர் ஆணி கேட்டு வாங்கினாள். பலகையில் அது பதினைந்தாவது, அவர்கள் வீட்டுச் சாவிக்கு.