ஜெபச் சீட்டில் எழுதிய பெயர்

எச்.ஐ.வி. ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி வைக்கும்போதெல்லாம் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். கேரளத்து எல்லையோர அரசு ஆசுபத்திரி ஒன்றில் பதினெட்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்தவள் என்று ஒரு மரியாதை. நானும் போய், நல்ல கதைகளாகப் பொறுக்கிச் சொல்லி, கைதட்டு வாங்கி, டீயும் பழம்பொரியும் முடித்துவிட்டு வருவேன். சொல்லாமல் ஒளித்துவைத்த கதை ஒன்று உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயன்படக்கூடியது அது ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

1. சாவி

எக்ஸ்ரே அறைக்கும் காசநோய்ப் பிரிவுக்கும் நடுவில் என் அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, பூட்டுள்ள இரும்பு அலமாரி. பரிசோதனைக்கு வருகிறவருக்கு ஒரு நம்பர் போடுவோம். கார்டிலும் ரத்தக் குப்பியிலும் நம்பர்தான் இருக்கும். பெயர் எழுதிய ரிஜிஸ்டர் அலமாரிக்குள் இருக்கும். சாவி என் கைப்பையில். பெயரை வெளியே விட்டால் சட்டப்படியும் குற்றம்.

ஒரு தடவை அட்டெண்டர் ஒருவர் வராந்தாவில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டார். நான் கிழித்த கிழியில் அந்த மனுஷன் ஒரு மாதம் என்னைக் கண்டால் லேபுக்குள் ஒதுங்கிக்கொண்டார். ரகசியம் காப்பதில் ஸ்டெல்லாபாயை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குத் தலைக்கனம் உண்டு.

எங்கள் எல்லையில் ஒரு வழக்கம் இருக்கிறது. கேரளத்துப் பக்கத்து ஆட்கள் பலர் தமிழ்நாட்டுப் பக்கம் போய் மாத்திரை வாங்குவார்கள். அந்தப் பக்கத்தவர்கள் இங்கே வருவார்கள். வரிசையில் நிற்கும்போது தெரிந்த முகம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம். காலையில் களியக்காவிளையில் இரண்டு மாநிலத்து பஸ்களும் எதிரெதிரே கடந்து போவதைப் பார்த்தால், இரண்டிலும் நம் ஆட்கள் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அவர்கள் எதற்குப் பயந்தார்களோ அதைத்தான் நான் செய்தேன்.

2. ஷைனி

ஷைனி வெள்ளறடைப் பக்கத்துப் பெண். தையல் கடையில் வேலை. நாலாம் மாதக் கர்ப்பப் பரிசோதனையில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்தது. மறுவாரம் கணவனையும் கூட்டிவந்தாள். அவனுக்கும் பாசிட்டிவ். அவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பேசியது அவள்தான்.

"பிள்ளைக்கு வருமா அக்கா?"

"தினமும் ஒரு மாத்திரை. ஒரு நாளும் விடாமல் எடுத்தால் பிள்ளைக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம். பிறந்த பிறகு பிள்ளைக்கும் ஆறு வாரம் மருந்து உண்டு."

"ஒரு நாளு விட்டா?"

"விடப்பிடாது மக்கா. அதாக்கும் முக்கியம்."

"மாத்திரை நான் எடுப்பேன். அதுல நீங்க விஷமிக்காண்டாம், கவல வேண்டாம். ஆனா இவருக்க அம்ம அறியப்பிடாது. அறிஞ்சா நான் அந்த வீட்டுல இருக்க ஒக்காது. வேற ஆருட்டயும் சொல்லமாட்டியளே?" என்றாள்.

"செத்தாலும் சொல்லமாட்டேன்," என்றேன். சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன்.

இரண்டு மாதம் சொன்ன தேதிக்கு வந்து மாத்திரை வாங்கினாள். டப்பாவின் லேபிளைக் கிழித்து, பொத்தான் போட்டுவைக்கும் டின்னில் மாத்திரையை வைத்திருப்பதாகச் சொன்னாள். கெட்டிக்காரி.

3. வெள்ளிக்கிழமை

எங்கள் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் உபவாச ஜெபம் வெள்ளிக்கிழமை நடக்கும். ஜெபிக்க வேண்டியவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். காரணத்தை வெளியே சொல்ல விருப்பமில்லை என்றால் 'சொல்லாத விண்ணப்பம்' என்று எழுதினால் போதும். செயலாளர் ஒவ்வொரு சீட்டாக வாசிப்பார். எல்லோரும் முழங்காலில் நிற்போம்.

நான் எழுதினேன்: 'வெள்ளறடை ஷைனி. கர்ப்பிணி. சொல்லாத விண்ணப்பம்.'

நோயை எழுதவில்லை. வீட்டுப் பெயரை எழுதவில்லை. எங்கள் சபை பாறசாலைப் பக்கம், அவள் வேறு சபைக்காரி. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் சீட்டை வாசிக்கிறவர் கொடுத்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். அது எனக்குத் தெரியாததல்ல. இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"நம்ம ஸ்டெல்லாபாய் அக்கா பாரத்தோட தந்த விண்ணப்பம்," என்று வாசித்தார் செயலாளர்.

நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அந்த அறையில் தெரியாதவர் யாரும் இல்லை. நான் ஒரு கர்ப்பிணிக்காக ஜெபிக்கச் சொன்னால் அவளுக்கு என்ன வியாதி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்காக ஜெபிக்க வேண்டும் என்றால் என் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்திருக்கலாம், தினமும் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். சீட்டு எழுதியது வேறு ஆசையில். ஸ்டெல்லாபாய் தன் நோயாளிகளுக்காக எவ்வளவு பாரப்படுகிறாள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லவும் சொன்னார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிருந்தது.

4. சுஜா

அடுத்த மாதம் ஷைனி வரவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. ஏழாம் மாதம், கையில் மாத்திரை இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் ஆபத்து.

அவள் ஊர் வார்டில் வீடுவீடாகப் போய்வரும் ஆஷா சுகாதாரப் பணியாளர் சுஜா. ஷைனியைப் பற்றி, கணவனைத் தவிர, ஆசுபத்திரிக்கு வெளியே தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். அவளை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். சாயங்காலம் திரும்பிவந்து சொன்னாள். மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. ஷைனியை அவள் அம்மா வீட்டுக்கு, எல்லைக்கு அப்பால், அனுப்பிவிட்டார்கள்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மாதாந்திரக் கூட்டத்தில், எல்லா ஆஷாக்களும் நர்ஸுகளும் டாக்டரும் இருக்கும்போது, சுஜாவை எழுப்பி நிற்கவைத்தேன். "உனக்கு வாய் அடங்காதா? ஒரு குடும்பத்தையே கெடுத்துட்டியே," என்றேன்.

"ஞான் ஆரோடும் பறஞ்ஞிட்டில்ல சேச்சி," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை என்கிறாள். நான் நம்பவில்லை. புகார் எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை வார்டு வேலைக்குப் போக வேண்டாம் என்று அவளை நிறுத்திவைத்தார்கள். அவள் அழாமல் பையை எடுத்துக்கொண்டு போனது எனக்குத் திமிராகத் தெரிந்தது.

5. தையல் மெஷின்

கணவனைக் கடைசியில் பிடித்து அம்மா வீட்டு விலாசத்தை வாங்கினேன். மாத்திரையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் எல்லை தாண்டிப் போனேன். ஷைனி ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தவில்லை. அவள் அம்மாதான் நாற்காலி எடுத்துப் போட்டார்.

"மாத்திரை கொண்டுவந்தியளா?" என்றாள் ஷைனி.

கொடுத்தேன். உடனே தண்ணீர் வாங்கி ஒன்றை விழுங்கினாள். பிறகு விரலை மடக்கி எண்ணி, "இன்னையோட பதினோரு நாளாச்சு," என்றாள். "டின்னுல மிச்சம் இருந்தத மாமி எடுத்து தென்னைக்க மூட்டுல குழிச்சுப் போட்டாவ. கையில துணி சுத்திக்கிட்டாக்கும் தொட்டாவ."

"அந்த ஆஷாவை நிறுத்தியாச்சு மக்கா. அவளைச் சும்மா விடமாட்டேன்," என்றேன்.

மெஷின் நின்றது.

"அவ என்ன செய்தா? நீங்கல்லா சங்கத்துல சீட்டு எழுதிப் போட்டிய. மாமிக்க அக்கா அங்க உண்டு, உங்களுக்குத் தெரியாதா? அவங்க அண்ணைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்தாவ. எனக்க தலையில கைய வச்சு, அழுதுக்கிட்டு ஜெபிச்சாவ. ஜெபம் முடிஞ்ச பொறவு நான் சாயா குடிச்ச கிளாச எடுத்து முற்றத்துல வச்சாவ."

இந்த எல்லையோரச் சபைகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பெண் கொடுத்து எடுத்தவை. அதை ஊரறியும். என் சொந்த நாத்தனாரையே வெள்ளறடையில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. எனக்கு மட்டும் அன்றைக்கு மறந்துபோயிருந்தது.

"உன் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா?"

"அவருக்கும் உண்டுண்ணு அவரு சொல்லல்ல. நானும் சொல்லல்ல. அவருக்க அம்ம தாங்கமாட்டாவ. பழி எனக்க மேல கிடக்கட்டு."

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண். வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட நிலையிலும் இன்னொருவரின் ரகசியத்தை வாய்க்குள் வைத்திருந்தாள். சாவி வைத்திருந்தவள் நான். மன்னித்துக்கொள் என்றேன். இனி எங்கள் ஆசுபத்திரிக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அடுத்த நாளே தமிழ்நாட்டு மையத்துக்கு மாற்றல் கடிதம் வாங்கி, நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

அதோடு அவள் என் நோயாளி அல்ல. பிள்ளை பிறந்ததா, எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு இனி உரிமை இல்லை. அந்த மையத்தில் தெரிந்தவர்கள் உண்டு. ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள். எத்தனையோ தடவை போனைக் கையில் எடுத்துக் கீழே வைத்தேன். அந்தப் பதினோரு நாளை நினைத்துக்கொண்டே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓட்டினேன்.

6. மெமோ

டாக்டரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீங்களா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். ஒரு மெமோ தந்தார். சுஜாவைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். "இனி மீட்டிங்கில் இதைப் பேச வேண்டாம். பேசினால் அந்தப் பெண்ணின் பெயர் மறுபடி கிளறப்படும்," என்றார் டாக்டர். அவர் சொன்னது சரிதான். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

சுஜா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கட்டன் சாயா போட்டுத் தந்தாள். நான் பேசி முடித்ததும், "எல்லாரும் கேள்க்கேயல்லே சேச்சி என்னெ பறஞ்ஞது?" என்றாள். எல்லோரும் கேட்கத்தானே என்னைத் திட்டினீர்கள் என்று அர்த்தம். டாக்டர் சொன்னதைச் சொல்லிச் சமாளித்துவிட்டு எழுந்து வந்தேன்.

7. போன்

ஒரு நாள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான் ஷைனியாக்கும். பிள்ளைக்கு ஒண்ணரை வயசு டெஸ்ட்டு முடிஞ்சு. ஒண்ணும் இல்ல. நெகட்டிவ். நீங்க நினைச்சுக்கிட்டு இருப்பியளேண்ணு கூப்பிட்டேன்."

"ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்," என்று நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் நான் அடங்கும்வரை பொறுத்தாள்.

"அக்கா, சங்கத்துல சாட்சி சொல்லிராதீங்க," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை சங்கத்தில் வழக்கம்போல, நன்றிசாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம் என்றார்கள். இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "உங்களுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இதை எழுதும் முன் ஷைனியிடம் கேட்டேன். பேரையும் ஊரையும் மாற்றினால் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். மாற்றியிருக்கிறேன். அவள் ஷைனி அல்ல, வெள்ளறடையும் அல்ல.

பிறகு சுஜாவிடம் போய், உன் பெயரை அப்படியே எழுதி எல்லோரும் அறிய மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே வேண்டாம் என்றாள். அவள் பெயர் தெரிந்தால் வார்டு தெரியும். வார்டு தெரிந்தால் அந்தப் பெண் யாரென்று தெரியும். எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனைக்குப் பிறகும் தோன்றவில்லை.

புதிதாக வருகிற பிள்ளைகளே, அலமாரிச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட, நீங்கள் நல்லவர் என்று நாலு பேர் சொல்வதைக் கேட்க ஆசை வரும்போது வாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கவனம் இல்லாமல்போனது. அதனால் தப்பே செய்யாத ஒருத்தியை முப்பது பேர் முன்னால் பெயர் சொல்லி அவமானப்படுத்தினேன். இப்போது மன்னிப்புக் கேட்கும்போது அவள் பெயரைச் சொல்ல முடியவில்லை. சுஜா என்பதும் அவள் பெயர் அல்ல.