லாக்கருக்குள் இருந்த போன் அனுப்பிய செய்தி

போன வாரத்துக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை காலை. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ரேவதி, காலில் செருப்புகூட இல்லாமல் படியேறி ஓடி வந்தாள்.

"அக்கா... அவருக்குக் கை போயிடிச்சாம்க்கா!"

அவள் கணவன் மாதேஷ், ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். இரும்புத் தகட்டை வைத்தால் ஒரே அடியில் வெட்டி வடிவம் கொடுக்கிற மெஷின். தகடு இருக்க வேண்டிய இடத்தில் கை இருந்துவிட்டால்..? எங்கள் பக்கத்தில் இந்த வாக்கியத்தை யாரும் முடிப்பதில்லை. பிரஸ் ஷாப்புக்கு ஆள் அனுப்புகிற வீடுகளில் அந்தப் பயம், சமையலறை மூலையில் நிற்கும் சிலிண்டர் மாதிரி எப்போதும் இருக்கும். அதைப் பற்றிப் பேசாமலேயே சமைத்துக்கொண்டிருப்போம்.

"யாரு சொன்னா?"

"நாகரசம்பட்டி அண்ணி. போன்ல அழுவுறாங்க. அவங்களுக்கு அவரே மெசேஜ் போட்டிருக்காராம். கை மெஷின்ல மாட்டிக்கிச்சு, ஆஸ்பத்திரில இருக்கேன், பேச முடியாது, இந்த நம்பருக்கு ஒடனே பணம் அனுப்புன்னு..."

நாகரசம்பட்டி அண்ணி என்றால் மாதேஷின் அக்கா கோவிந்தம்மா. மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. தம்பி என்றால் உயிர்.

எனக்கு ஒரு குணம் உண்டு. எதையும் முதலிலிருந்து வரிசையாகக் கேட்டால்தான் தலைக்குள் இறங்கும். 'இவளிடம் தீப்பிடித்தது என்று சொன்னால், எந்த அறையில் ஆரம்பித்தது என்று கேட்பாள்' என்பது என் கணவரின் நீண்ட நாள் புகார். அன்றும் கேட்டேன்.

"மாதேஷ் காலை ஷிஃப்ட்தானே? அப்ப போன் எங்க இருக்கும்?"

"கேட்ல... லாக்கர்ல."

"லாக்கர்ல பூட்டி வெச்ச போன் எப்படி மெசேஜ் அனுப்பும்?"

ரேவதி ஒரு கணம் அழுகையை நிறுத்தினாள். பிறகு அவளே அதற்கும் ஒரு பதில் கண்டுபிடித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறப்ப யாராச்சும் எடுத்துக் குடுத்திருந்தா..?"

நியாயமான கேள்விதானே? மனசுக்குள் மோசடி என்று மணி அடிக்கிறது. ஆனால் மோசடிதான் என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? ஒருவேளை நிஜமாகவே...

முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தோம். கோவிந்தம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டோம். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"அண்ணி, பணம் அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பலம்மா. ஆளைப் பாக்காம பணத்தை அனுப்பி என்னா பண்றது? நான் பஸ் ஏறப் போறேன். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு."

"யாருக்கும் எதுவும் அனுப்பாதீங்கம்மா" என்றேன் நான். "இது திருட்டு மெசேஜா இருக்கும்னு சந்தேகமா இருக்கு. நாங்க கம்பெனிக்கே போய்ப் பாக்கறோம்."

"திருட்டு மெசேஜா இருந்தா அவன் வாயில புண்ணு வர! ஆனா நான் பஸ் ஏறிடறேன்."

கம்பெனிக்குப் போன் செய்து கேட்டால் வேலை முடிந்தது, இல்லையா? நம்பர்? ரேவதியிடம் இல்லை. எனக்கும் தெரியாது. மாதேஷ் அங்கே வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருஷம்... கேட்டில் ஒரு போன் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை. ஸ்கூட்டியை எடுத்தேன். ரேவதி வெறுங்காலோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

போகிற வழியில், லாரிகளுக்கு நடுவே, தோளுக்குப் பின்னால் திரும்பிக் கேட்டுக்கொண்டே போனேன். காலையிலிருந்து என்ன போன் வந்தது? யார் பேசினார்கள்?

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஓசூரில் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் பலரிடம் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போன் கொண்டுபோக அனுமதி இல்லாததால், லாக்கரில் வைப்பதற்கு முன் தன் எண்ணுக்கு வரும் எல்லா அழைப்பையும் வீட்டுக்காரியின் எண்ணுக்குத் திருப்பி விட்டுவிடுவார்கள். கால் ஃபார்வர்டிங். காஸ்காரரோ, பள்ளிக்கூடமோ, சீட்டுக்காரரோ — மாதேஷைக் கூப்பிட்டால் ரேவதி எடுப்பாள். நல்ல ஏற்பாடு. நானே பாராட்டியிருக்கிறேன்.

அன்று காலை அப்படித் திரும்பி வந்த அழைப்பு ஒன்றில் மனிதர் யாரும் பேசவில்லை. ஒரு மெஷின் குரல் ஆங்கிலத்தில் ஆறு எண்களைச் சொன்னது. மறுபடியும் சொன்னது. அவருக்கு ஏதோ தேவைப்படும் போல என்று ரேவதி பொறுப்பாகக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்தாள். பின்னாலேயே இன்னொரு அழைப்பு.

"அக்கா, பார்சல் பந்திதே. ஈக நம்பர் பந்தல்லா, அது ஹேளி."

கன்னடம். பார்சல் வந்திருக்கிறது, இப்போது வந்த நம்பரைச் சொல்லுங்கள். வெளியூர்க்காரர் என்றால் இங்கேயே சந்தேகம் வந்திருக்கும். ஓசூரில் வராது! பார்சல்காரர் இங்கே ஒரு நாள் கன்னடத்தில் பேசுவார், மறுநாள் தெலுங்கில் பேசுவார், அதற்கடுத்த நாள் இந்தியில். கெலமங்கலத்தில் பிறந்து வளர்ந்த ரேவதி மூன்றிலும் பதில் சொல்வாள். சொல்லிவிட்டாள்.

"நம்பரை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு தெரியாதா ரேவதி?"

"தெரியும்க்கா! மெசேஜ்ல வர்ற நம்பரைச் சொல்லக்கூடாதுன்னுதான் எல்லாரும் சொல்றீங்க. இது மெசேஜ்ல வர்லியே. போன்ல பேசில்ல சொல்லிச்சு?"

அவள் சொன்னதில் எங்கே தப்பு? பேங்க்காரர்கள், டிவிக்காரர்கள், பத்திரிகையில் இந்தப் பத்தியை எழுதுகிற நான் — எல்லோரும் 'மெசேஜில் வரும் எண்' என்றுதானே பாடம் நடத்துகிறோம்!

நடந்தது இதுதான். நாம் எல்லோரும் போனில் வைத்திருக்கிற பச்சை நிறச் செய்தி ஆப்பை, தன் போனில் மாதேஷின் எண்ணைப் போட்டுத் திறக்கப் பார்த்திருக்கிறான் ஒருவன். 'இது உங்கள் எண்தானா' என்று சரிபார்க்க ஆப் ஒரு எண்ணை மெசேஜில் அனுப்பும். அது பூட்டிய லாக்கருக்குள் போய் விழுந்தது. மெசேஜ் வரவில்லை என்றால், போன் செய்து சொல்லும்படி கேட்கலாம். அப்படி ஒரு வசதி இருக்கிறது. கேட்டான். அந்த அழைப்பு ரேவதியிடம் திரும்பியது. அடுத்து அவனே மாதேஷின் எண்ணுக்குப் பேசினான். அதுவும் ரேவதியிடமே திரும்பியது. அவளுடைய எண்ணை அவன் தேடவே வேண்டியிருக்கவில்லை.

கம்பெனி வாசல் வந்தது. செக்யூரிட்டி ஒரு பெரியவர். தொப்பியைச் சரிசெய்தபடி எழுந்தார்.

"அண்ணா, மாதேஷ்... பிரஸ் ஷாப்... கை..."

"எந்த மாதேஷ்மா? உள்ள நாலு மாதேஷ் இருக்கறாங்க."

"நாகரசம்பட்டி மாதேஷ்."

"ஓ, அவரா? நல்லாத்தான இருந்தாரு? ஆக்சிடென்ட்னு எதுவும் இல்லம்மா. ஆம்புலன்ஸ் வந்தா இந்தக் கேட்டைத்தான தாண்டணும்? நான் இங்கதான உக்காந்திருக்கேன்?"

இதைவிட என்ன சான்று வேண்டும்? எனக்குப் போதும். திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. ரேவதி நகரவில்லை.

"நான் அவரைப் பாக்கணும்."

"ஷிஃப்ட்ல இருக்கற ஆளை வெளிய கூப்பிட முடியாதும்மா. ரூல்ஸ்."

"வெளிய வர வேணாம்ண்ணா. அங்க தூரமா நின்னு காமிச்சாப் போதும்."

செக்யூரிட்டி அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். இண்டர்காமை எடுத்தார்.

மாதேஷ் வந்தான். காதில் அடைப்பான், கையில் கனத்த உறை. எங்களைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"என்னாச்சு? வீட்ல யாருக்கு என்னா?"

"கையைக் காட்டுங்க."

"என்னாது?"

"கையைக் காட்டுங்கன்றேன்!"

உறைகளைக் கழற்றினான். இரண்டு கைகள், கிரீஸ் பூசிய இரண்டு முழுக் கைகள். ரேவதி ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஏன் போன் எடுக்கல நீங்க?"

"போன் லாக்கர்ல இருக்குதுடி!"

"அதானே... லாக்கர்லதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, செக்யூரிட்டியின் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"எண்ணிட்டியாம்மா? எல்லாம் இருக்குதில்ல?" என்றார் அவர். "பின்னாடி குறையுதுன்னு எங்கிட்ட வரக்கூடாது."

அழுதுகொண்டே சிரித்தாள். நான் கோவிந்தம்மாவுக்குப் போன் செய்து மாதேஷிடம் கொடுத்தேன். "அக்கா, நான்தான்... கை நல்லாருக்குக்கா... சத்தியமா!"

சூப்பர்வைசரிடம் சொல்லி லாக்கரைத் திறந்து போனை எடுத்தோம். முதலில் கால் ஃபார்வர்டிங்கை ரத்து செய்தோம். டயல் பேடில் ##002# என்று அடித்து அழைத்தால், திருப்பி விட்ட எல்லா அழைப்பும் ரத்தாகும். இந்த வரிசை முக்கியம். இதை விட்டுவிட்டு மற்றதைச் செய்தால், திருடன் மறுபடி எண்ணைக் கேட்பான், அது மறுபடி ரேவதிக்கே போகும். பிறகு அதே ஆப்பில் மாதேஷின் எண்ணைப் போட்டு, மெசேஜில் வந்த புது எண்ணை அடித்தோம். அந்த நொடியில் திருடன் வெளியே தள்ளப்பட்டான். ஆனால் போகிற போக்கில் அவன் ஒரு ரகசிய பின் நம்பரை வைத்துவிட்டுப் போயிருந்தான். அதனால் ஆப்பின் விதிப்படி ஒரு வாரம் மாதேஷாலும் உள்ளே போக முடியவில்லை. போகட்டும். வீடு பூட்டிக் கிடந்தால் என்ன, உள்ளே திருடன் இல்லையே! சைபர் குற்றப் பிரிவுக்கும் அன்றே புகார் கொடுத்தோம்.

சரி, எத்தனை பேர் ஏமாந்தார்கள்? அந்தச் செய்தி மாதேஷ் இருக்கிற குரூப்களில் உள்ள பலருக்கும் போயிருக்கிறது. பணம் அனுப்பியவர் — ஒருவர்கூட இல்லை!

காரணத்தை மாலையில் மாதேஷ் சொன்னான். அவனுடைய நெருங்கிய நண்பர்களில் பாதிப் பேர் அதே ஷிஃப்ட். அவர்களுடைய போன்களும் லாக்கரில். "ரெண்டு மணிக்கு எல்லாரும் லாக்கரைத் தொறந்தாங்கக்கா. போனைப் பாத்தாங்க. அப்பிடியே எல்லாரும் திரும்பி என் கையைப் பாக்கறாங்க. பக்கத்துல நின்னுகினு ஒருத்தன் கேக்கறான், 'மச்சான், எந்த ஆஸ்பத்திரி?'"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது. கோவிந்தம்மா! ஒரு கையில் மாம்பழப் பை. தம்பி நலமாக இருக்கிறான் என்று அவன் வாயாலேயே கேட்ட பிறகும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. நேரே வந்து தம்பியின் கைகளைப் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்றார். "இவன் ரெண்டு கையும் நல்லா இருக்கறப்பவே எனக்கு எழுதி அனுப்பினதில்ல, வாயாலதான் பேசி அனுப்புவான். கை போனப்புறம் எப்பிடிடா இவ்ளோ நீளமா டைப் அடிச்சான்னு?"

"அப்ப ஏன் அண்ணி பஸ் ஏறினீங்க?" என்றாள் ரேவதி.

"சந்தேகம் தலையிலதான இருந்துது..."

அவ்வளவுதான் விஷயம். இந்த மாதிரி மோசடிகளில் ஏமாறுகிறவர்களைப் பார்த்து, 'கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா?' என்று கேட்கிறோம். யோசிக்கத்தான் செய்கிறார்கள். எனக்கு லாக்கர் தோன்றியது, கோவிந்தம்மாவுக்கு டைப் தோன்றியது. ஆனாலும் நான் ஸ்கூட்டியை எடுத்தேன், அவர் பஸ் ஏறினார். கையைப் பார்க்கிற வரை யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. எனவே யோசனையை மட்டும் நம்பாதீர்கள் — முன்கூட்டியே ஏற்பாடும் வேண்டும்.

எண் எந்த வழியில் வந்தாலும், மெசேஜோ மெஷின் குரலோ, அது உங்களுக்கு மட்டும். ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் அழைப்பைத் திருப்பி விடாதீர்கள். காஸுக்கும் பள்ளிக்கும் வீட்டு எண்ணையே கொடுத்துவிடுங்கள். செய்தி ஆப்பின் செட்டிங்ஸில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கும். திருடன் பின் நம்பர் வைப்பதற்கு முன் நாம் வைத்துவிட வேண்டும். முக்கியமாக, கம்பெனி கேட்டின் போன் நம்பர் வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும். ரேவதி வீட்டில் இப்போது அது பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. என் வீட்டிலும்தான். எனக்கு எதற்கு என்று கேட்காதீர்கள்.

மாதேஷுக்கு ஆப் திரும்பக் கிடைத்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்ததும் முதல் வேலை, வீட்டுக்கு வீடியோ கால். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு நன்றாகவே கேட்கும். சாப்பிட்டீர்களா, கிளம்பிவிட்டீர்களா என்பதெல்லாம் பிறகு. ரேவதி முதலில் கேட்பது ஒன்றுதான்.

"கையைக் காட்டுங்க!"