சிறகி சுடப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

எஞ்சினியர் ஐயா தன் துப்பாக்கியைப் பச்சைக் கித்தான் உறையில் போட்டு, ஜீப்பின் பின்சீட்டில் குறுக்காகப் படுக்க வைப்பார். போளூரைத் தாண்டி மலைரோட்டில் ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக நகரும். நகர்ந்து நகர்ந்து, அதன் வாய் சரியாக என் பிடரிக்கு நேராக வந்து நிற்கும். "உள்ளே தோட்டா இல்லைய்யா, ஏன் இப்படிச் சாகறே?" என்று ஐயா சிரிப்பார். தோட்டா இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் பிடரிக்கு அது தெரிய வேண்டுமே! ஸ்டியரிங்கைப் பிடித்த கை வேர்த்து வழுக்கும். மார்கழிக் குளிரில் வேர்த்துக் கொட்டிய டிரைவர் ஜவ்வாது மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அதை ஒளித்துப் பயனில்லை. என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளின் கடைசியில் ரோடு போடும் எங்கள் ஆபீசில் ஜீப் டிரைவராகச் சேர்ந்தபோது என் பயங்கள் எல்லாம் ஒரே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டன. பாதி தார், பாதி கல்லாகக் கிடந்த மலைரோடு ஒன்று. பனிக்குள்ளிருந்து திடீரென்று முளைக்கும் பஸ் ஒன்று. பின்சீட்டில் அந்தத் துப்பாக்கி. இவை போதாது என்று, ஆபீஸ் வண்டியில் வேட்டைக்குப் போகிறோம், யாராவது மேலே எழுதிப் போட்டால் என் வேலை போகுமே என்ற பயம் வேறு.

ஐயா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தண்ணீர் நிறைந்த வயல்களில் சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு போய் வாத்து சுட்டுப் பழகியவர். எங்கள் பக்கம் மாற்றலாகி வந்ததும் அவர் முதலில் விசாரித்தது குவார்ட்டர்ஸையல்ல, ஏரிகளைத்தான். மழைக்காலம் முடிந்தால் வடக்கே எங்கிருந்தோ சிறகிகள் வரும். சிறகி என்றால் சின்னக் காட்டுவாத்து; கூட்டமாக இறங்கும், ஒரு சத்தம் கேட்டால் மொத்தமாக எழும்பும். படவேட்டுப் பக்கத்து ஏரிகளில் ஆள் நடமாட்டம் அதிகம் என்று ஐயா மலைமேல் இருந்த ஏரிகளைத் தேடினார். ஜமுனாமரத்தூருக்கு முன்னால், ரோட்டை விட்டுப் பிரிந்து, சாமை விதைத்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு சின்ன ஏரி வரும். அதுதான் அவருக்குப் பிடித்த இடமாகிப் போனது.

அவருக்குக் கறி மேல் ஆசை கிடையாது. சுட்டதை எல்லாம் ஆபீசில் பிரித்துக் கொடுத்துவிடுவார். பிறகு எதற்கு இந்தக் குளிரில் இந்தப் பாடு? ஒருமுறை துணிந்து கேட்டே விட்டேன். "ஆபீசில் நான் என்ன சொன்னாலும் எல்லாரும் தலையாட்டறான்யா. நீயும் ஆட்டறே. நான் தப்பாச் சொன்னாலும் ஆட்டறே. இந்தப் பறவை ஆட்டாது. என்னை ஏமாத்திட்டுப் போயிடும். அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

வேட்டைக்கென்று அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுட மாட்டார். எழும்பிப் பறக்கும்போதுதான் சுடுவார். அடிபட்டு விழுந்ததைத் தேடி எடுக்காமல் திரும்ப மாட்டார். அரசாங்கம் காட்டு உயிர்களுக்குச் சட்டம் கொண்டுவந்திருந்த காலம் அது. ஐயாவிடம் ஏதோ லைசென்ஸ் இருந்தது. மலைக்காரர்களிடம் அதெல்லாம் இல்லை. காக்கி நிறத்தில் ஒரு ஜீப்பைப் பார்த்தால் போதும், காட்டிலாகா வண்டியா, வேறு ஆபீஸ் வண்டியா என்று கேட்கக்கூட நிற்க மாட்டார்கள்; புன்செய்க் கொல்லைக்குள் இறங்கி மறைந்துவிடுவார்கள். என்னைப் பார்த்தும் பயப்பட ஆள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு அப்போது ஒரு அற்பச் சந்தோஷம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் வந்துவிட்டது. தண்ணீர் மேல் மட்டும் பனி புகைந்துகொண்டிருந்தது. கோரைப்புல் ஓரமாகக் குச்சிகள் நட்டு, அவற்றின் தலையில் பழைய மண்பானைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தண்ணீரை ஒட்டினாற்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பானைகள். கொல்லையில் கண்ணேறுக்கு வைப்பார்களே, அதுபோல ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். சிறகிகளும் அவற்றைச் சட்டை செய்யாமல் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன. கரையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். இளவயசு.

"இன்னாம்மா, இங்க தனியா இன்னா பண்ற?" என்று கேட்டேன்.

"மாடு தேடி வந்தேன் சாமி" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. ஜீப்பையும் துப்பாக்கியையும் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். மாடு தேட வந்தவள் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது எனக்கு என்னவோ போல இருந்தது. ஆனால் யோசிக்க நேரமில்லை. ஐயா ஜாடை காட்ட, நான் ஒரு கல்லை எடுத்து வீசினேன். ஏரியே எழும்பியது போலச் சிறகிகள் கிளம்பின. ஐயா இரண்டு குழலையும் தீர்த்தார். ஒரு இறகுகூட விழவில்லை.

அவர் முகம் சுருங்கிப்போனது. கூட்டம் மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டு மேற்கே மலைமடிப்புக்குள் போய்விட்டது. சின்ன ஏரி, கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். அதுவரை சும்மா நிற்க அவரால் முடியவில்லை. "துப்பாக்கி சரியில்லையா, என் கை சரியில்லையான்னு பார்த்துடறேன்" என்று முனகிக்கொண்டே மறுபடி தோட்டா போட்டார். அருகில் இருந்த ஒரு பானையைக் குறிபார்த்துச் சுட்டார். பானை சில்லுச் சில்லாகத் தெறித்தது. குச்சி மட்டும் நின்றது.

"கை சரியாத்தான்யா இருக்கு!" என்று அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

அப்போது நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். எழுந்து நின்றிருந்தாள். முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். வெடிச்சத்தத்தில் பயந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். எனக்கும்தான் காது அடைத்திருந்தது. ஐயா, "அடுத்தது அந்தக் கறுப்புப் பானை" என்றார். கோரைப்புல்லை ஒட்டி, மற்றவற்றைவிடக் கொஞ்சம் தள்ளி, கரி பிடித்த ஒரு பானை இருந்தது. துப்பாக்கி தோளுக்கு ஏறியது.

"சாமி!" என்று ஒரு அலறல். "அது பானை இல்ல சாமி! அது எங்கூட்டு ஆளு!"

இன்றைக்கு நினைத்தாலும் என் கை எப்படி நீண்டது என்று எனக்குத் தெரியவில்லை. குழலைக் கீழிருந்து மேலே தள்ளினேன். தள்ளும்போதே வெடித்தது. உள்ளங்கையில் சூடு ஏறியது. ஐயா பின்னால் சாய்ந்து என் மேல் விழுந்தார். இருவரும் சேற்றில் கிடந்தபடி தண்ணீரைப் பார்த்தோம். பானை இருந்த இடத்திலேயே இருந்தது. அசையவில்லை. ஐயய்யோ, அந்த அசையாமை! ஒரு ஆள் செத்தால் தண்ணீரில் ரத்தம் எப்படி வரும், எவ்வளவு நேரத்தில் வரும் என்று என் புத்தி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ஜெயில் தெரிந்தது. என் பெண்டாட்டி முகம் தெரிந்தது. அந்தப் பெண் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, "மணியப்பா! மணியப்பா!" என்று பிள்ளையின் பேரைச் சேர்த்துப் புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பானை மெல்ல உயர்ந்தது. அதற்குக் கீழே கழுத்து, தோள், மார்பு. பானையை எடுக்காமலேயே, அதன் இரண்டு ஓட்டைகள் வழியாக எங்களைப் பார்த்தபடி, அந்த மனிதர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

"தெரியாம பண்ணிட்டேன் சாமி. வுட்டுடுங்க. புள்ளகுட்டிக்காரன் சாமி."

அவர் கரைக்கு வந்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இடுப்புக் கயிற்றில் உயிரோடு சில சிறகிகள் கால் கட்டித் தொங்கின. அது அவர்கள் பிடிக்கும் முறை. சில நாள் முன்னதாகவே குச்சியில் பானைகளைக் கவிழ்த்து வைத்துப் பறவைகளைப் பழக்கிவிடுவார்கள். பிறகு ஒருவர் தலையில் ஓட்டைப் பானையைக் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மெல்ல நகர்ந்து போய், பறவையின் காலைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொள்வார். பக்கத்தில் நீந்தும் பறவைக்குக்கூடத் தெரியாதாம். ஆள் பானைக்குள் இருக்கும்வரை கரையில் இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. அந்தப் பெண் அவரைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தது முதலில் அதனால். ஜீப்பைப் பார்த்த பிறகோ, புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தால்.

"வண்டி சத்தம் கேட்டுச்சு இல்ல? உடனே எழுந்து வந்திருக்கக் கூடாதாய்யா?" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். என் பயம் எல்லாம் கோபமாக மாறியிருந்தது.

அவர் பானையைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார். என் வயதுதான் இருக்கும். உதடு நீலம் பாரித்திருந்தது. "வெளிய வந்தா புடிப்பீங்க. பானைய யாருங்க சுடப்போறாங்கன்னு உள்ளயே இருந்துட்டேன்" என்றார். பிறகு இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, சிறகிகளை அப்படியே ஐயாவிடம் நீட்டினார். "எடுத்துக்கோங்க சாமி. கேஸ் வேணாம்."

ஐயா வாங்கவில்லை. சேறு படிந்த பேண்ட்டோடு கரையில் உட்கார்ந்து, தன் வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான்தான் அவர்களிடம், "நாங்க அந்த ஆபீஸ் இல்ல, ரோடு போடுற ஆபீஸ். போங்க, வூட்டுக்குப் போங்க" என்றேன். அவர்கள் அதை நம்பவில்லை. சிறகிகளை ஜீப்பின் பானெட் மேல் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி சாமைக் கொல்லைக்குள் ஓடினார்கள். நான் பறவைகளின் கால்கட்டை அவிழ்த்துவிட்டேன். அவை தத்தித் தத்தித் தண்ணீருக்குப் போயின.

இறங்கும்போது ஒரு வளைவில் ஐயா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்த் தடுப்புச் சுவரோரம் வாந்தி எடுத்தார். தண்ணீர் கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைக் கேட்டார்: "அவன் எதுக்குய்யா கும்பிட்டான்?"

"பயம்தாங்கய்யா."

"கொல்லப் பார்த்தவன் நான். அவன் மன்னிப்புக் கேட்கறான்."

அதற்கு நான் தலையாட்டவில்லை.

இப்போது யாரும் சிறகி சுடுவதில்லை. சுட்டால் ஜெயில். எண்பதுகள் முடிவதற்குள் துப்பாக்கிகள் ஒவ்வொன்றாகப் பரணுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ச் சேர்ந்தன. பானைக்காரர்களும் போய்விட்டார்கள். கர்நாடகத்துக்கு வேலைக்குப் போனவர்கள் பாதி, வயசாகிப் போனவர்கள் பாதி. போன வருஷம் என் மருமகன் காரில் அந்த ஏரிக்குப் போனேன். பட்டணத்துப் பிள்ளைகள், முழங்கை நீளக் கேமராவைத் தோளில் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அதே சிறகிகளைக் குறி பார்த்தார்கள். நல்ல பிள்ளைகள்; ஒரு பறவைக்கும் தீங்கில்லை. இருந்தும் அந்த நீளக் குழாய் தண்ணீர்ப் பக்கம் திரும்பியபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஐயா வேட்டையை விட்டுவிட்டார் என்றுதான் அன்றைக்கு மலை இறங்கும்போது நினைத்தேன். இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பச் சொன்னார். அந்த ஏரிக்கு அல்ல, வேறொன்றுக்கு. கரையில் இறங்கியதும், துப்பாக்கியை உறையிலிருந்து எடுப்பதற்கு முன், "கூப்பிட்டுப் பாரு" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. "தண்ணியில யாராவது இருக்காங்களான்னு கூப்பிட்டுப் பாரு. நாம அந்த ஆபீஸ் இல்லைன்னு சொல்லு. பயப்படாம வெளியே வரச் சொல்லு."

நான் கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினேன். கத்திய மாத்திரத்தில் இருந்த சிறகி எல்லாம் எழும்பி மலைக்கு அப்பால் போய்விட்டது. ஐயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க இதே கதைதான். மலை ஏறுவோம், நான் கத்துவேன், பறவைகள் போய்விடும், வெறுங்கையோடு இறங்குவோம். ஆபீசில் கேலி செய்தார்கள். மாற்றல் உத்தரவு வந்த பிறகு கடைசியாகப் போனபோது நாங்கள் போன ஏரி பாதி வற்றியிருந்தது. ஒரு பானை இல்லை, ஒரு பறவை இல்லை. ஆழமான இடத்தில்கூட முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்திருக்காது. அப்போதும் கூப்பிடச் சொன்னார், கூப்பிட்டேன். குரல் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. யாரும் இல்லை என்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"போலாங்கய்யா, யாரும் இல்ல" என்றேன்.

ஐயா தண்ணீரைப் பார்த்தபடியே நின்றார். "இன்னொரு தரம் கூப்பிடுய்யா" என்றார்.