இடப்பக்கத்துக்கு மாறிய படம்

9 பிப்ரவரி 2000. மூக்கு. 46,000.
21 ஜூலை 2004. மேலிமை இரண்டும். 31,500.
3 அக்டோபர் 2011. உதடு. 18,200.
14 நவம்பர் 2011. உதடு, மறுபடியும். 18,200.
5 மே 2017. மூக்கு, மதிப்பீடு மட்டும். 2,10,000.

முதல் நான்கும் சேர்ந்து 1,13,900. அது முழுவதும் அவளுடைய சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிக்கப்பட்டது. ஐந்தாவதை அவள் கட்டவில்லை.

பதினேழு ஆண்டுகள் அவள் ஓர் அழகு அறுவை சிகிச்சை நிலையத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அங்கே எல்லாருக்கும் அவள் 'முன்மேசை அக்கா'. சேர்ந்தபோது வயது இருபத்தாறு. அப்பாவின் மூக்கு அப்படியே அவளுக்கு வாய்த்திருந்தது. நடுவில் ஒரு மேடு, வளைந்து கீழே பார்க்கும் நுனி. அண்ணனுக்கும் அதே மூக்குதான். "நம்ம வீட்டுல ஆள் வர்றதுக்கு முன்னால மூக்கு வந்து கதவைத் தட்டும்" என்பான். வீட்டில் யாரும் அதற்காக ஒரு நாளும் அழுததில்லை.

சேர்ந்த இரண்டாம் வாரம் பெரிய டாக்டர் அவளை அறைக்கு அழைத்தார். அவர் மேசையில் ஒரு கைக்கண்ணாடி எப்போதும் கவிழ்ந்து கிடக்கும். அதை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

"என்னம்மா தெரியுது?"

"நான்தான் சார் தெரியறேன்."

"எனக்கு மூக்குதான் தெரியுது. மீன் விக்கிறவன் கடை வாசல்ல அழுகின மீனை வெப்பானா? உனக்குப் பாதி விலை. சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சுக்கலாம்."

அவர் பாதி விலை என்று சொன்ன 46,000தான் வெளியாட்களுக்கும் முழு விலை. விலைப்பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் அது அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் கட்டே பிரித்தாகிவிட்டது. அவள் கையெழுத்துப் போட்ட சம்மதப் பத்திரத்தின் ஏழாவது வரி, எடுக்கப்படும் படங்களை நிலையம் 'எவ்விதத்திலும், எக்காலத்திலும்' பயன்படுத்தலாம் என்றது. அதைப் படிக்காமல் அவள் கையெழுத்துப் போடவில்லை. படித்தாள், ஆனால் வேலை வேண்டியிருந்தது.

கட்டுப் பிரித்து வீட்டுக்குப் போன அன்று அண்ணன், "அப்பா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கும்போதே அவர் மூக்கை அறுத்துட்டியே" என்றான். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கை கழுவும்போது, "வலிச்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

நிலையத்தின் காத்திருப்பு அறைச் சுவரில் படங்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இடப்பக்கம் 'முன்', வலப்பக்கம் 'பின்'. முன் படத்துக்குப் படக்காரர் உச்சந்தலைக்கு மேல் ஒரே விளக்கைப் போட்டு, தலையைக் குனியச் சொல்லி, சிரிக்கக் கூடாது என்பார். பின் படத்துக்கு இருபுறமும் வெள்ளைத் துணி கட்டி, முகவாயைத் தூக்கச் சொல்லி, லேசாகச் சிரிக்க வைப்பார். "கத்தி பாதி வேலை செய்யும், மீதியை பல்பு பாத்துக்கும்" என்பது அவர் சித்தாந்தம்.

அவளுடைய ஜோடியும் வாசலுக்கு நேரே தொங்கியது. வருகிறவர்கள் இடப்பக்கப் படத்தைப் பார்ப்பார்கள், மேசையைப் பார்ப்பார்கள், "அட, இது நீங்களா! நல்லவேளை தப்பிச்சீங்க!" என்பார்கள். அந்த 'நல்லவேளை'யை இரண்டு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டாள். 2002இல் படக்காரரிடம் கெஞ்சி, ஜோடியைக் கழற்றவைத்து, முன் படத்தையும் அதன் நெகட்டிவையும் வாங்கிக்கொண்டாள். "எடுத்துக்கம்மா, யார் கேக்கப் போறா?" என்றார் அவர். அதை மேசையின் அடி இழுப்பறையில், முத்திரைக் கட்டைகளுக்குக் கீழே ஒளித்து வைத்தாள். நிலையத்துக் கோப்பில் வலப்பக்கப் படம் மட்டும் தங்கியது. அவள் செய்த ஒரே தவறு அதுதான்.

பிறகு பெரிய கண் அழகு என்றார்கள். அதன்பின் தடித்த உதடு அழகு என்றார்கள். உதட்டை முதல் தடவை கோணலாக வைத்தார்கள். அவர்கள் செய்த கோணலை அவர்களே நிமிர்த்த, அவள் மறுபடியும் முழுப் பணம் கட்டினாள். கடையில் வாங்கும் துணிக்கு இருக்கும் ஆயுள்கூட இந்த அழகுக்கு இல்லை. துணியையாவது கழற்றி எறியலாம்.

2017இல் பெரிய டாக்டர் ஓய்வு பெற, மகன் வந்து உட்கார்ந்தான். இப்போது எடுப்பான மூக்குதான் நாகரிகம். மேடு இருந்தால் 'ஆளுமை', வளைவு இருந்தால் 'கம்பீரம்'. சுவரைப் புதிதாக்கினார்கள். கணினியில் படம் செய்கிறவன் ஒருவனை வெளியிலிருந்து கூப்பிட்டு, பழைய கோப்புகளைக் கொடுத்தார்கள். முன்மேசை அக்காவின் கோப்பில் ஒரே படம் இருந்தது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது முன் படமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, பின் படத்தை அவனே கணினியில் உண்டாக்கினான்.

மே 2ஆம் தேதி காலை அவள் கதவைத் திறந்தாள். சுவரின் இடப்பக்கம் ஆளுயரத்துக்கு அவளே நின்றாள், காசு கட்டி வாங்கிய மூக்கோடு. மேலே 'முன்' என்று எழுதியிருந்தது. வலப்பக்கம், நடுவில் மேடும் வளைந்த நுனியுமாக இன்னொருத்தி. 2009இல் இறந்துபோன அப்பா மீசையை எடுத்துவிட்டு வந்து நிற்பதுபோல் இருந்தது.

அன்று முதலில் வந்த பெண்மணி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது நீங்கதானே? இங்கேயே வேலை பாத்துக்கிட்டு இன்னுமா சரி பண்ணிக்கல?"

மூன்று நாள் கழித்து சின்ன டாக்டர் மதிப்பீட்டுத் தாளை நீட்டினான்.

"முன் படத்துல இருக்கிறவங்களே முன்மேசையில உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு? பண்ணிக்கோங்கக்கா. இல்லேன்னா உள்ளே போன் அறைக்குப் போயிடுங்க. அங்க முகம் தேவைப்படாது."

"படம் தப்பு தம்பி. இடது பக்கம் இருக்கிறது உங்கப்பா செஞ்ச மூக்கு. வலது பக்கம் இருக்கிறது எங்கப்பா செஞ்சது."

"எங்கப்பா காலத்து மூக்கு இப்ப ஓடாதுக்கா."

"என் மூக்கை நானே திருப்பி வாங்க ரெண்டு லட்சத்துப் பத்தாயிரமா? வெட்டி எடுத்தப்பவே பொட்டலம் கட்டிக் குடுத்திருக்கலாமே. படத்தைக் கழட்டுங்க."

"ஏழாவது வரியைப் படிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவன் கைபேசியை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் அடி இழுப்பறையைத் திறந்தாள். பதினைந்து ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்த படத்தை மேசைமேல் நிறுத்தினாள். வந்த ஒவ்வொருவரிடமும், "இது 2000 பிப்ரவரி 8, அறுவைக்கு முந்தின நாள் எடுத்தது. இப்ப சுவத்துல வலது பக்கம் பாருங்க" என்றாள். மூக்குக்காக வந்த ஒரு லாரி முதலாளி இரண்டையும் பார்த்துவிட்டு மோவாயைச் சொறிந்தார்.

"அப்ப பொறுமையா இருந்தா என் மூக்கும் தானா அழகாயிடுமா?"

"பொறுத்தா பணம் மிச்சம் சார்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் படியிறங்கினார். பதினொரு வேலை நாட்களில் புதிதாக வந்தவர்கள் முப்பத்தொரு பேர். முன்பணம் கட்டாமல் திரும்பியவர்கள் பத்தொன்பது பேர். மே 18ஆம் தேதி மாலை அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் போனாள், படம் சுவரிலேயே இருந்தது. தெருவில் போகிறவர்களுக்கும் கண்ணாடிக் கதவு வழியாக அது தெரிந்தது.

"ஒரு கல்லை விட்டெறிஞ்சுட்டு வரட்டுமா?" என்றான் அண்ணன்.

"வேணாம். கண்ணாடிக்கும் என்கிட்டதான் பணம் கேப்பான்."

இரும்புச் சாமான் கடையொன்றில் ரசீது போடும் வேலை கிடைத்தது. அங்கே ஆணி எத்தனை என்றுதான் பார்த்தார்கள், மூக்கை யாரும் பார்க்கவில்லை. ஆனால் நிலையம் இருந்த தெரு வழியாகத்தான் தினமும் பேருந்து போனது. அவள் படம் தெரியாத எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பழகினாள்.

படத்தைக் கழற்றச் சொல்லி நிலையத்துக்கு நான்கு கடிதங்கள் எழுதினாள். முதல் கடிதத்துக்கு ஏழாவது வரியின் நகல் பதிலாக வந்தது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பதிலே இல்லை. இடையில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவர் 'எக்காலத்திலும்' என்ற சொல்லுக்கு அடியில் விரலால் கோடு இழுத்துக் காட்டி, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான்காவது கடிதத்துக்கு ஒரு பதில் வந்தது. அண்ணன்தான் உரக்கப் படித்தான்.

"தாங்கள் குறிப்பிட்ட இரு படங்களும் அகற்றப்பட்டுவிட்டன. மேடுள்ள மூக்குக்குத் தற்போது வரவேற்பு இல்லை. சிறிய மூக்கையே அனைவரும் விரும்புகின்றனர். எனவே தங்கள் புகார் முடித்து வைக்கப்படுகிறது. தங்களுடைய 2000ஆம் ஆண்டின் 'முன்' படம் தங்களிடம் இருப்பதாக அறிகிறோம். அதை மீண்டும் இடப்பக்கம் வைக்க விரும்புவதால் அனுப்பி உதவவும்."

அண்ணன் தாளை மடித்தான். "அனுப்பப் போறியா?"

"முதல்ல மதிப்பீடு அனுப்பறேன்."

"எவ்வளவு?"

"ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். அதுவும் பாதி விலைன்னு எழுதணும்."

நிலையத்தின் பதில் வந்து சேர்ந்த தேதி 17 ஜனவரி 2019.