கஷ்டத்தை வாங்கிக்கொண்ட மீன்கள்

மீன் தொட்டி வைத்திருக்கிற கடைக்குள் நுழைந்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மீன்கள் மேல் அல்ல. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, "மீன் செத்தா நல்லதுதான், நமக்கு வர்ற கஷ்டத்தை அது வாங்கிக்கிருச்சு" என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். அவர் மேல்.

2009-இல் என் வீட்டுக்காரர் தேனியில் ஒரு கடை போட்டார். நாய்களுக்கு முடி வெட்டி, நகம் வெட்டி, குளிப்பாட்டி அனுப்புகிற கடை. ஊரே சிரித்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கம்பத்து வியாபாரிகள் வீட்டுப் பொமரேனியன்களும், மலை எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் வருகிற லாப்ரடார்களும் வாசலில் நின்றன. முன்னறையில் காத்திருப்பவர்களுக்கு சோபா, பின்னறையில் குளியல் தொட்டி, நடுவில் பிளைவுட் தடுப்பு. ஒரே ஏசி இரண்டு அறைக்கும் போகட்டும் என்று தடுப்பை மேலே மூடாமல் விட்டிருந்தார். நான் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பேன், வருகிறவர்களை உட்காரவைப்பேன். அப்போது நான் மாசமாக இருந்தேன். அதற்கு முன்னால் ஒன்று தங்கவில்லை. அதனால் படி ஏறினால் பயம், பஸ் குலுங்கினால் பயம். "இவளுக்குக் கவலைப்படலைன்னா சோறு இறங்காது" என்பார் வீட்டுக்காரர்.

காத்திருக்கிற இடத்தில் மீன் தொட்டி வைக்க வேண்டும் என்றது என் மாமியார். வாஸ்துப்படி வடகிழக்கு மூலை, தங்க நிறத்தில் மீன்கள், நடுவில் ஒரே ஒரு கறுப்பு மீன். கடை மேல் விழுகிற கண்ணையெல்லாம் அந்தக் கறுப்பு வாங்கிக்கொள்ளுமாம். தொட்டிக்காரர் வந்து ஸ்டாண்டு போட்டு, கூழாங்கல் பரப்பி, லைட்டும் காற்று விடுகிற மோட்டாரும் மாட்டினார். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பக்கெட்டில் பிடித்து வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும் என்றார். அவர் சொன்னது ஒன்றைக்கூட நான் தவற விடவில்லை. பயந்தவள் எதைத் தவற விடுவாள்?

ஒரு திங்கட்கிழமை காலையில் கறுப்பு மீன் வயிறு மேலே தெரிய மிதந்தது. மாமியார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா ஆத்தா? வச்ச வேகத்துல வாங்கிக்கிருச்சு. எம்புட்டுக் கண்ணு இருந்திருக்கு பாரு."

புதுக் கறுப்பு வந்தது. அதுவும் போனது. பிறகு தங்க மீன்கள் ஒவ்வொன்றாய்ப் போயின. செத்த மீன்களை வலையில் அள்ளுகிற வேலை என்னுடையது. அள்ளும்போதெல்லாம் வயிற்றில் கை போகும். வீட்டுக்காரருக்கு வாஸ்து மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை, அவருக்கு நான் இருந்தேன். "பிளீச்சிங் தண்ணியை அப்படியே ஊத்திருப்ப. எட்டாவதோட நின்னா இப்படித்தான்" என்று வந்திருந்தவர்கள் முன்னால் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. என்னை நிறுத்தியது யார், நானா நின்றேன்?

அடுத்த ஞாயிறு எஸ்டேட் நாய் ஒன்று வந்தது. உடம்பெல்லாம் உண்ணி. பின்னறையில் அவர் கைப்பம்பில் உண்ணி மருந்து அடித்தார். தடுப்புக்கு மேலே நெடி முன்னறைக்கு இறங்கியது. புதிதல்ல, ஞாயிறுதோறும் வருகிற நெடிதான். கதவு சாத்தியிருந்தது, ஏசி ஓடியது. நான் தொட்டியில் ஏறுகிற குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? குனிந்து குழாயைத் தடவிக்கொண்டே போனேன். ஸ்டாண்டுக்கு அடியில் மோட்டார். அதோடு சரி. வெளியே போகிற குழாய் எதுவும் இல்லை.

"ஏங்க, இந்த மோட்டாரு காத்தை எங்கருந்து எடுக்குது?"

"இதென்ன கேள்வி, இங்கனருந்துதான். பின்ன சிலிண்டரா வச்சிருக்கு?"

"அப்ப நீங்க அடிக்கிற மருந்தையும் சேத்துத்தான தண்ணிக்குள்ள விடுது?"

அவர் பம்பும் கையுமாக வெளியே வந்தார். "காமயகவுண்டன்பட்டித் திராட்சைப் பந்தலுக்கு அடியில மருந்துலயே வளந்தவுக நாங்க. எங்கப்பா மூக்குல ஒரு துண்டுகூடக் கட்ட மாட்டாக. அவுகளுக்கு என்ன ஆச்சு?"

"உங்கப்பா மீனும் இல்ல, மாசமாவும் இல்ல."

சோபாவில் இருந்த எஸ்டேட்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் வீட்டுக்காரருக்குக் கோபம் ஏறியது. மாமியார் இடையில் வந்தது. "ஏ ஆத்தா, கடையில வச்சு என்ன பேச்சு? மீனு அது பாட்டுக்கு வாங்குது, வாங்கட்டுமே."

"அதையேதான் அத்தை நானும் மூக்கு வழியா வாங்கிக்கிட்டு இருக்கேன்."

பம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கடைக்குப் பின்னாலிருந்த வெட்டவெளியில் வைத்தேன். மருந்து அடிப்பது இனிமேல் இங்கேதான் என்றேன். நாய் மிரண்டு ஓடினால் நீயா பிடிப்பாய் என்று கத்தினார். கட்டிப்போட்டு அடியுங்கள் என்றேன். முடியாது என்றார். நான் ஆண்டிபட்டி பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். வழியெல்லாம் அழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றை இழுத்து இழுத்து விட்டேன். ஏற்கெனவே உள்ளே போனதை என்ன செய்ய என்ற பயம் மட்டும் இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டேன். என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அந்த மருந்துக்குப் பக்கத்தில் போகாதே என்றார் டாக்டரம்மா. நான் தூங்காமல் கிடக்க அது போதும்.

வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். போன் எடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். வெளியே மருந்து அடிக்கிற இடத்துக்குக் கூரை போட்டாச்சா என்று கேட்டேன். போட்டாச்சு என்று தரையைப் பார்த்துச் சொன்னார். போய்ப் பார்த்த பிறகுதான் பையை இறக்கினேன்.

அதற்குப் பிறகு மீன்கள் சாகவில்லை. ஆனால் நான் இல்லாதபோது மாமியார் வாஸ்துக்காரரைக் கூட்டிவந்து தொட்டியை ஒரு முழம் தள்ளி வைத்திருந்தது. தள்ளி வைத்ததால் சரியானதாம். கேட்கிறவர்களிடமெல்லாம் அந்த வாஸ்துக்காரர் பெயரைச் சொல்லி அனுப்பியது.

பையன் நல்லபடியாகப் பிறந்தான். விரல்களையெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடம் மாமியார் தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னது: "இவனுக்கு வர இருந்ததை எல்லாம் அம்புட்டு மீனும் வாங்கிக்கிருச்சுக. இல்லைன்னா என்ன ஆகியிருக்குமோ."

வயிற்றுத் தையல் இழுத்தது. ஆனாலும் எழுந்து உட்கார்ந்தேன்.

"மீனு ஒண்ணும் வாங்கல அத்தை. நீங்க எல்லாருமாச் சேந்து குடுத்தீக."

வீட்டுக்காரர் காபி வாங்கிவருகிறேன் என்று பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வந்திருந்த பெண்களில் ஒருத்தி தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, மூக்கு அப்படியே தாத்தா மூக்கு என்றாள்.