கூட்டாளியின் தொப்பி

காரைக்குடியில் ஒரு பேண்டு செட்டில் நான் கிளாரினெட் வாசிக்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன்பு எங்கள் மாஸ்டர் எல்லோருக்கும் புதுச் சீருடை எடுத்தார். சிவப்புக் கோட்டு, தங்கக் கரை போட்ட தொப்பி. என்னோடு கிளாரினெட் வாசிப்பவன் என்னைவிட இரண்டு வயது இளையவன். ஒரே அட்டைப் பெட்டியிலிருந்துதான் இருவருக்கும் தொப்பி கொடுத்தார்கள்.

ஆறே மாதத்தில் என் தொப்பி வியர்வை குடித்துத் துவண்டுபோனது. மேல்வட்டம் ஒரு பக்கமாகச் சரிந்து, முன்விளிம்பு நெளிந்துவிட்டது. அவனுடையது பெட்டியிலிருந்து எடுத்த அன்று இருந்தபடியே விறைப்பாக நின்றது. மாஸ்டர் அவனை முன்வரிசைக்கு மாற்றினார். வாசிப்பில் நான் அவனுக்குக் குறைந்தவன் இல்லை. ஆனாலும் கல்யாண வீடியோக்களில் அவன் முகம்தான் வந்தது. என் மனைவியே ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "அவுக தொப்பி எப்புடி நிக்கிது! ஒங்களுது ஏன் இப்புடிக் கெடக்கு?" என்றாள். வயிறு எரிந்தது.

கல்லல் பக்கம் ஒரு சர்ச் கல்யாணம். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவன் தன் தொப்பியை, விளிம்பு நசுங்காதபடி நாற்காலியில் மல்லாத்தி, உள்ளே துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த அக்கறையைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. துண்டை உருவிப் போட்டேன். தொப்பியைத் திருப்பி வைத்து, அதன் மேல் என் கிளாரினெட் பெட்டியை வைத்து அழுத்தினேன். உள்ளே மடக்கென்று சத்தம் கேட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

நான் பந்தியிலிருந்து திரும்பியபோது அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பியோடு சமையல் பந்தலுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். கொதிக்கும் அண்டாவின் ஆவியில் அதைக் காட்டி, உள்ளிருந்து முஷ்டியால் மெல்லத் தள்ளினான். பள்ளம் மேலே எழும்பியது. துண்டை உள்ளே திணித்து ஆறவிட்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஒங்களதையும் குடுங்கண்ணே. ஆவி இருக்கையிலயே பாத்துருவோம்."

என் தொப்பியையும் நிமிர்த்தினான். வீட்டில் உள்பக்கம் அரிசிக் கஞ்சியைப் பிரஷ்ஷால் மெல்லிசாகத் தடவி நிழலில் காயவைப்பானாம். வாசித்து முடித்த கையோடு தொப்பிக்குள் நெற்றியில் படும் பட்டையின் வியர்வையைத் துடைத்துவிடுவானாம். நான் கேட்காமலே எல்லாம் சொன்னான்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "நாந்தேன் நசுக்குனேன்" என்றேன்.

"தெரியும்ணே. ஒங்க பெட்டிப் பூட்டுத் தடம் மேல பதிஞ்சிருக்கே. வாங்க, பொண்ணு மாப்பிள்ள கெளம்பப் போறாக."

மாஸ்டரிடம் அவன் மூச்சே விடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்போது நானும் கஞ்சி தடவுகிறேன். என் தொப்பியும் நிமிர்ந்து நிற்கிறது. போன மாதம் அவன் புதுக் கிளாரினெட் ஒன்று வாங்கினான். "வாசிச்சுப் பாருங்கண்ணே" என்று நீட்டினான். பிறகு பார்க்கிறேன் என்றேன். அவன் தொப்பியை நசுக்கிய கையில் இன்னும் அதை நான் வாங்கவில்லை.