கிளிஃபர்டின் ரசமட்டம்

யார்க்‌ஷயர் கடலோரத்தில் காருக்குப் பின்னால் கேரவன் என்கிற வீட்டுவண்டியை இழுத்துவருகிறவர்கள் கூடும் அந்தப் புல்வெளியில் ஒரு வண்டி நுழைந்தால் போதும், எல்லோரும் மடக்கு நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். வண்டியை நிறுத்துகிற அழகைப் பார்க்க வேண்டுமே! ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கிளிஃபர்ட் ஒருவர்தான் விதிவிலக்கு. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கையில் எந்நேரமும் வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பார்க்கும் ரசமட்டம். கூப்பிடாமலே போய் நின்று, குமிழியைக் காட்டிக் காட்டி அடுத்தவர் உயிரை எடுப்பார்.

அன்று மாலை கேரவன் சங்கத்தின் முகாம் தலைவர் யார் என்று அறிவிக்க இருந்தார்கள். பல வருஷமாக அந்தப் பதவிக்கு ஏங்கியவர் கிளிஃபர்ட். இந்தத் தடவை தனக்குத்தான் என்று ஏற்புரைகூட மனப்பாடம் செய்துவிட்டார்.

வந்த கையோடு பக்கத்து இடத்துப் பேசிலைப் பிடித்துக்கொண்டார். கேரவனின் நான்கு மூலையிலும் முட்டுக்கொடுக்க இருக்கும் கால்களைத் திருகியே தாழ்ந்த பக்கத்தைத் தூக்கப் பார்த்தார் பேசில், பாவம்.

"அந்தக் காலு வண்டி ஆடாம இருக்கத்தான்யா, தூக்குறதுக்கு இல்ல. வளைஞ்சு போனா அப்புறம் உக்காந்து அழுவியா?"

பேசில் தலையாட்டிவிட்டு, கால்களைத் தரை தொடும் அளவுக்கு மட்டும் இறக்கி, வண்டியைக் கோணலாகவே விட்டுவிட்டார்.

அடுத்தது கிளிஃபர்டின் சொந்த கேரவன். தாழ்ந்த பக்கச் சக்கரத்தைச் சாய்பலகைமேல் ஏற்றினார். குமிழி நடுவில் வந்து நின்றது. இனி கேரவனின் கைபிரேக்கை இழுப்பதும், உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதும் மனைவி கிளெனிஸின் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். அவள் கட்டையோடு குனிந்தபோது, இவர் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "இத்தனை வருஷமாச்சு, இவளுக்கு ஒரு கட்டையை நேரா வெக்கத் தெரியல."

கிளெனிஸ் நிமிர்ந்தாள். கட்டைகளைப் புல்லில் போட்டாள். கைபிரேக்கைத் தொடவேயில்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்ப் பேசில் பக்கத்தில் உட்கார்ந்தாள். உபதேச மும்முரத்தில் இருந்த மனுஷர் திரும்பிப் பார்த்தால்தானே! பேசிக்கொண்டே காரிலிருந்து கேரவனைக் கழற்றிவிட்டார்.

கேரவன் பலகையைவிட்டு இறங்கி, சரிவில் பின்னாலேயே உருண்டு, புதர்வேலிக்குள் பாதி புகுந்துதான் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. ஆளாளுக்குத் தேநீர்க் கோப்பையோடு வந்து, யாருக்கும் நடக்கிறதுதானே என்றார்கள். சிரித்துத் தொலைத்திருந்தால் தாங்கியிருப்பார்.

"கட்டை வெக்கலையா நீ?" என்று மனைவியிடம் பல்லைக் கடித்தார்.

"எனக்குத்தான் நேரா வெக்கத் தெரியாதே," என்றாள் கிளெனிஸ்.

மாலையில் எல்லோரும் கூடினார்கள். இவ்வளவு விஷயம் தெரிந்தவனை ஒரு சறுக்கலுக்காக ஒதுக்கிவிடுவார்களா என்ன என்று கிளிஃபர்ட் காலரைச் சரிசெய்துகொண்டார். சங்கத் தலைவி வினிஃப்ரெட் தொண்டையைச் செருமியதுமே பாதி எழுந்துவிட்டார்.

"நம்ம பேசில்தான்," என்றாள் வினிஃப்ரெட். "அவரு வண்டி கோணல்தான். ஆனா நிறுத்துன இடத்துல நிக்குது."

முதலில் கைதட்டியது கிளெனிஸ். பாதி எழுந்தவருக்கு உட்காரவும் வழியில்லை. நின்றபடியே தானும் தட்டினார்.